கேலி என்று வெட்டிய பகுதி

கிட்வே,
ஆகஸ்ட் 14

அன்புள்ள ஃபைடஸ் அக்காவுக்கு,

நானும் உன் மகள் வெசியும் சுகம். குளிர் ஒருவழியாகப் போய்விட்டது. காற்றுதான் செம்மண்ணை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது, ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்குகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலையை இன்னொருத்தியோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும், தனியாகச் செய்யாதே. பார்சல் வந்தது. ஆறு ஜோடிக் காலுறையில் நான்கை வெசி எடுத்துக்கொண்டாள். சுரங்கத்துக்குள் போகும்போது பூட்ஸுக்குள் போட வேண்டுமாம். ஆள் இன்னும் கீழேயே போகவில்லை, அதற்குள் இந்த அலட்டல்.

உன் கடிதத்தில் நான்கு பக்கம். நான்கிலும் ஒரே கேள்விதான். வெசியைச் சுரங்கத்துக்குள் அனுப்பலாமா, கூடாதா. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பேச முடியாது, அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்து இரண்டு வருடமாக உன் மகள் வீட்டில் சும்மா இருந்தாள். இருபது பெண்களைக் கீழே வேலைக்கு எடுக்கிறோம் என்று சுரங்கத்தில் அறிவித்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். உடல் பரிசோதனையில் தேறிவிட்டாள். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போகமாட்டேன் என்று என்னிடம் சத்தியமே செய்திருக்கிறாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன் அக்கா. நீ பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனசு வந்திருக்காது.

இப்போது நல்ல செய்தி. அந்தப் புது ஆட்களுக்கான பாடத்தை எழுதுவது யார் தெரியுமா? உன் தங்கை எஸ்னார்ட்தான்! சுரங்கத்தின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ எத்தனை தடவை கேட்டாலும் உன் மண்டையில் ஏறுவதில்லை. ஒரு தொழில் நன்றாகத் தெரிந்த ஆளைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார வைப்பார்கள். அவர் தலைக்குள் இருப்பதையெல்லாம் பேச்சுக் கொடுத்து வெளியே எடுத்து, படமும் கேள்வியுமாக மாற்றி டேப்லெட்டில் ஏற்றுவேன். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதித் தேறி, பிறகு வேலைக்குப் போவார்கள். அவ்வளவுதான்.

இந்தத் தடவை வந்த ஆள் போனிஃபேஸ் கசோன்டே. கீழே இருபத்தாறு வருடம். வெடி வைத்த இடத்தில் முதலில் நுழைந்து, மேலே தொங்குகிற பாறையைப் பாதுகாப்பாக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். வந்து உட்கார்ந்தார். நாற்பது கேள்வி எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் "ஆமா மேடம்", "சரி மேடம்". ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் என் நோட்டில் ஒரு வரி இல்லை. எனக்கு எரிச்சலில் தலையே வலித்தது. அப்புறம் என் முழுப்பெயர் என்ன என்று கேட்டார். எஸ்னார்ட் சோகோ, சிப்பாட்டா பக்கம் என்றேன். மனுஷன் முகம் அப்படியே மாறியது. நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு, "அட, எலி தின்னியா நீ? இத சொல்றதுக்கு ஒரு மணி நேரமா?" என்றார்.

நம் ங்கோனி ஆட்களுக்கும் அவரைப் போன்ற பெம்பாக்காரர்களுக்கும் என்ன முறை என்று உனக்கா சொல்ல வேண்டும். சாவு வீட்டில் பிணத்தின் பக்கத்தில் நின்றுகூட ஒருவரை ஒருவர் கேலி பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. குரங்கு தின்கிறவர்களோடு எனக்கு என்ன பேச்சு என்று நானும் ஆரம்பித்தேன். பக்கத்து அறையிலிருந்து சண்டையா என்று எட்டிப் பார்த்தார்கள். எங்கள் மேலாளர் முபிட்டா மட்டும் விஷயம் புரிந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதன்பிறகு பேச்சு வெள்ளம்தான். நீ எல்லாம் கடப்பாரை பிடித்தால் பாறையே சிரிக்கும் என்று சொன்னால் போதும், மனுஷன் எழுந்து நின்று கடப்பாரையை எப்படிப் பிடிப்பது என்று என் குடையை வைத்துக் காட்டுவார். மற்றவர்களுக்கு இரண்டு மாதம் ஆகிற வேலையை நான் ஒன்பது நாளில் முடித்தேன். அலுவலகத்தில் எனக்குக் கைதட்டினார்கள் அக்கா.

வேலை இதுதான். வெடித்து, புகை போய், தண்ணீர் அடித்த பிறகு, நீளமான கடப்பாரையால் கூரைப்பாறையைத் தட்ட வேண்டும். நல்ல பாறை கணீர் என்று சொல்லும். விட்டுப்போன பாறை பொத்தென்று மொண்ணையாக ஒலிக்கும். அதை நெம்பிக் கீழே தள்ள வேண்டும். தட்டிப் பார்த்த இடத்தில் நின்றுகொண்டுதான் தட்டாத இடத்தைத் தட்ட வேண்டும். பதினோரு படியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் படம், கேள்வி, சத்தம். கணீர் எது, பொத் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்குப் பயிற்சி. வெசிக்கு வீட்டிலேயே போட்டுக் காட்டினேன், இருபதுக்கு இருபது.

கீழே ஒரு தடவை வந்து பார் என்று கசோன்டே கேலியாகக் கூப்பிட்டார். எலி பிடிக்க வளையில் தலையை விடுகிறவர்கள்தானே, இதற்கு என்ன பயம் என்றார். எனக்குப் பயம்தான். அனுமதிச் சீட்டு வாங்குவதும் பெரிய தொல்லை. வாயால் சொன்னதே ஏகப்பட்டது கிடைத்துவிட்டதால் நான் போகவில்லை.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: அனுப்பு. பாடத்தை எழுதியது உன் தங்கை. அதில் விட்டுப்போனது என்று ஒன்றுமில்லை. நீ பயப்படாதே, நிம்மதியாகத் தூங்கு.

உன் அன்புத் தங்கை,
எஸ்னார்ட்

~

கிட்வே,
செப்டம்பர் 20, சனி

அக்காவுக்கு,

போன ஞாயிறு போனில் உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். சளி என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெசி பக்கத்தில் இருந்தாள், நான் பொய் சொன்னேன். இந்தக் கடிதம் உன்னிடம் வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் என்ன நடக்குமோ தெரியாது. ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

பாடத்தை முதலில் எட்டு ஆண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வெசியும் மற்ற பெண்களும் இரண்டாவது அணி. எட்டுப் பேரும் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. இந்த மாதம் பதினோராம் தேதி முதன்முதலாகக் கீழே போனார்கள். கூட்டிப் போனது வேறு மேற்பார்வையாளர், கசோன்டே இல்லை. அதில் கெர்ஷோம் என்று ஒருவன், வெசி வயதுதான் இருக்கும். கடப்பாரையால் மூன்றாவது தட்டு தட்டியிருக்கிறான், பக்கவாட்டிலிருந்து ஒரு பலகைப்பாறை கழன்று காலில் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் பழையபடி ஆகுமா என்று டாக்டர் சொல்லமாட்டேன் என்கிறார்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். பாடம் சரியாக இருந்தது என்று காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பதினோரு படியையும் தூக்கிக்கொண்டு போனேன். கூட இருந்த ஏழு பேரும் சொன்னதை உட்கார்ந்து படித்தேன். கெர்ஷோம் ஒன்றுகூட விடவில்லை அக்கா. பதினோரு படியில் அதுவரைக்கும் உள்ளது அத்தனையும் நான் எழுதிய வரிசையில் அப்படியே செய்திருக்கிறான். அதை மறுபடி ஒருமுறை படித்தேன். அந்தப் பையன் கவனமாகத்தான் இருந்தான்.

அப்போதுதான் ஒப்புதல் கையெழுத்து போட்ட நாள் நினைவுக்கு வந்தது. பெரிய மேசை, சுரங்க அதிகாரிகள் ஐந்து பேர், முபிட்டா, நான். கசோன்டே எல்லாப் பக்கத்தையும் மெதுவாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்திலிருந்து மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். எல்லாம் சரியா என்று கேட்டேன். "எல்லாம் சரி, மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அதிகாரிகள் முன்னால் மரியாதையாக நடந்துகொள்கிறார் என்று எனக்குப் பெருமை வேறு. முறைக்காரன் ஒருத்தன் திடீரென்று மேடம் என்று கூப்பிட்டால் அவனுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம், நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு உறைக்கவில்லை.

நேற்றும் இன்று காலையும் அவர் பேசிய ஒலிப்பதிவை முதலிலிருந்து கேட்டேன். நான் தட்டச்சு செய்து வைத்தது அதில் பாதிகூட இல்லை. கேலி வந்த இடத்திலெல்லாம் வெட்டியிருக்கிறேன். வெட்டிய இடத்தில் 'சிரிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆறாம் நாள் பதிவு, நடுவில் ஒரு இடம். நான் ஏதோ சொல்லி அவரைச் சீண்டியிருக்கிறேன். அதற்கு அவர் சொல்கிறார்: "உங்காளுங்களுக்கு இந்த வேல வராதும்மா. உள்ள நுழஞ்சதும் கத்தி, குதிச்சு, ஆட்டம் போடுவீங்க. பத்து நிமிஷம் வாய மூடிக்கிட்டு ஒரு ங்கோனி நின்னு நான் பாத்ததில்ல. பாற பேசி முடிக்கற வரைக்கும் மனுஷன் பேசக் கூடாது, கடப்பாரக் கம்பி பேசக் கூடாது."

அதற்கு மேல் என் சிரிப்புதான் கேட்கிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறேன். குரங்குகள் மட்டும் மரத்தில் அமைதியாகவா இருக்கும் என்று கேட்கிறேன். அவர் ஒரு நொடி எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு நொடியை நான் இன்று இருபது தடவை கேட்டிருப்பேன்.

பஸ் பிடித்து அவர் வீட்டுக்கே போய்விட்டேன். மனைவி வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார், அவர் கோழிக்கூண்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் சொன்னேன். நீ சிரிச்ச" என்றார்.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெடித்த பிறகு பாறை தனக்குத்தானே அசைந்து உட்காருமாம். பொடி உதிரும், சின்னதாக முறியும் சத்தம் வரும். அது நிற்கும்வரை வாசலில் அசையாமல் நிற்க வேண்டும், விளக்கைக்கூட ஆட்டக் கூடாது. சத்தம் நிற்காவிட்டால் உள்ளே போகக் கூடாது. இது ஒரு வேலை என்றே தனக்குத் தோன்றவில்லை, மூச்சு விடுவதைப் பாடத்தில் எழுதச் சொல்வார்களா என்று கேட்டார். கேலிப்பேச்சில்தான் அது அவர் வாய்க்கே வந்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது பக்கம் பக்கமாகத் தேடினாராம், காணவில்லையாம்.

"அந்த மேசைல நான் வாயத் தொறந்தா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பாங்க. சொன்னேன்னு சொன்னா, நீ மாட்டிக்குவ. அத்தன பேர் முன்னாடி முறைக்காரிய மாட்டி விடுவனா? கீழ போறப்ப நாமளே சொல்லிக்கலாம்னு இருந்தேன். என்னய அன்னிக்கு வேற பக்கம் அனுப்பிட்டாங்க."

சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டார். கெர்ஷோம் பெயரை நாங்கள் இரண்டு பேருமே எடுக்கவில்லை. அவர் மனைவி ஒரு கை கடலையை என் மடியில் போட்டார், அதைக் கூட நான் தின்னவில்லை.

அக்கா, வரும் திங்கட்கிழமை வெசி கீழே போகிறாள். அதே பதினோரு படியைப் படித்துவிட்டு.

முபிட்டாவுக்குப் போன் செய்தேன். பாடத்தை நிறுத்த வேண்டும், தவறு என்னுடையது என்றேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்களை இறக்கும் கூண்டு கீழே இறங்கிவிடும் என்றேன். விசாரணை முடிந்துபோன விஷயம், ஒப்பந்தம் போய்விடும், நிதானமாக இரு என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு நானே நேராக எழுதிவிட்டேன். ஒலிப்பதிவையும் இணைத்து, நான் சிரித்ததையும் வெட்டாமல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்கிறேன், சார்ஜே தீர்ந்துவிட்டது.

வெசியிடமும் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. அம்மாவும் நீங்களும் சேர்ந்து என்னைத் தடுக்கிறீர்கள், கெர்ஷோமுக்கு அடிபட்டதிலிருந்து நீங்கள் சரியில்லை சித்தி என்கிறாள். "நீங்க எழுதின பாடம்தானே, அதுல தப்புன்னா நீங்க இத்தன நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ன்ஷிமாக் களியும் கபென்டா மீனும் மேசையில் ஆறிக்கிடக்கிறது.

திங்கள் காலைக்குள் பதில் வராவிட்டால் கூண்டு வாசலில் போய்க் குறுக்கே நிற்கப்போகிறேன். காவலாளி பிடித்துத் தள்ளினாலும் சரி. பயப்படாதே என்று உனக்கு எழுதிய கை இது. நீ அங்கே எந்த மாதா கோயிலுக்குப் போகிறாயோ, அங்கே உன் மகளுக்காக முட்டி போடு. உனக்கு முழங்கால் வலி என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

எஸ்னார்ட்

~

கிட்வே,
அக்டோபர் 13, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

சுரங்க வாசலுக்கு எதிரே மாமரத்தடியில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வெயில் இப்போதே தோலை உரிக்கிறது. உருண்டைப் பணியாரம் விற்கிற பெண் இரண்டு தடவை வந்து ஏதாவது வாங்கு, இல்லாவிட்டால் நிழலை விட்டுக் கொடு என்று சொல்லிவிட்டாள். மூன்று வாங்கி வைத்திருக்கிறேன், இறங்கவில்லை. வெசி இன்று காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கிவிட்டாள். இரண்டு மணிக்கு மேலே வர வேண்டும்.

போன கடிதம் உன்னிடம் வருவதற்குள் நீ போனில் பாதியைத் தெரிந்துகொண்டாய். அந்தக் கடிதம் எழுதிய மறுநாள், ஞாயிறு மாலை, பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். ஒலிப்பதிவு முழுக்கக் கேட்டாராம். இரண்டாவது அணியை மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள். கெர்ஷோமின் அறிக்கையில் இருந்த கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிட்டார்கள், சம்பளம் வருகிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், கடைசியில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவன் கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்த்தான். "நான் ஏதோ ஒரு படி விட்டுட்டேன்னு தெனம் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்று மட்டும் சொன்னான். முபிட்டா என்னோடு பேசுவதில்லை. அடுத்த பாடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். இருக்கட்டும்.

கீழே போனேன் அக்கா. கசோன்டேதான் கூட்டிப்போனார். கூண்டு வாசல்வரை நான் குண்டு, ஹெல்மெட் என் தலைக்குப் பத்தாது, ங்கோனி மண்டை என்று ஒரே நக்கல். கூண்டுக் கதவு மூடியதும் நிறுத்திவிட்டார். நானும் பதிலுக்கு ஒன்று சொல்ல வாயெடுத்தேன், உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கீழே முறை கிறை எல்லாம் கிடையாது. ஒன்பது நாள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாது. கீழே போகாமல் எப்படித் தெரியும்.

வெடித்த இடத்தின் வாசலில் நின்றோம். கையைக் காட்டினார், அசையாமல் நின்றேன். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒன்றுமில்லையே, எவ்வளவு நேரம் நிற்பது, மூக்கு அரிக்கிறது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேலே ஒரு சின்னச் சத்தம், காய்ந்த ரொட்டியை ஒடித்த மாதிரி. அதன்பின் பொடி சரசரவென்று கொட்டியது. எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னொரு சத்தம். இன்னும் கொஞ்சம் பொடி. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பதினாறு நிமிடம் ஆயிற்று. அவர் கடப்பாரையை எடுத்தார். நான் எழுதிய முதல் படி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது பாடத்தின் தொடக்கத்தில் டேப்லெட் திரை கறுப்பாகிவிடும். படமும் இல்லை, எழுத்தும் இல்லை. கீழே நானும் கசோன்டேயும் பதிவு செய்து வந்த சத்தம் மட்டும் ஓடும், பதினாறு நிமிடம். பாறை உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் திரையைத் தொட வேண்டும். முன்னால் தொட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இதில் பாடம் எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கசோன்டே இந்தத் தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பெரிய மேசையில் எல்லாரையும் உட்கார வைத்து, அதைப் பதினாறு நிமிடமும் கேட்க வைத்தார். மூன்று அதிகாரிகள் நடுவில் போனை எடுத்தார்கள். எடுத்தவர்களை எல்லாம் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துப் பெயரைப் படித்தார்.

உன் மகள் முதல் தடவை நாலாவது நிமிடத்திலேயே தொட்டுவிட்டாள். இரண்டாவது தடவை ஒன்பது. என்னிடம் பேசாமலேயே, என் எதிரிலேயே உட்கார்ந்து, பத்து நாள் அதையே போட்டுக் கேட்டாள். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, முதல் சத்தத்துக்கு முன்னாலேயே ஒரு பொடிச் சத்தம் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா சித்தி என்று கேட்டாள். நான் கவனித்திருக்கவில்லை. கசோன்டேவிடம் கேட்டேன், இருக்கிறது என்றார். மூன்று வாரத்தில் அவள் என்னோடு பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். அன்றைக்குச் சமையலறையில் போய் நின்று நன்றாக அழுதேன்.

இன்று காலை முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டாள். நீ அனுப்பிய காலுறையில் இரண்டு ஜோடியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். டீ குடித்தாள், பாதி மிச்சம் வைத்தாள். கசோன்டே அவர்கள் அணியோடு போகிறார், அதையும் நான்தான் கேட்டு வாங்கினேன். கதவருகே நின்று, வரேன் சித்தி என்றாள். கவனமாக இரு என்று சொல்ல வாய் வரை வந்தது. கெர்ஷோம் கவனமாகத்தான் இருந்தான் என்று நினைத்ததும் சொல்லவில்லை. போய்ட்டு வா என்றேன். அவளை நிறுத்த நேற்று இரவுவரை எனக்கு உரிமை இருந்தது அக்கா, நீ போனில் அந்த முடிவை என்னிடம் விட்டுவிட்டாய். நீ ஏன் விட்டாய் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நான் நிறுத்தவில்லை. இந்தத் தடவை பாடம் சரி என்று மனசு சொல்கிறது. போன தடவையும் அப்படித்தான் சொன்னது.

இப்போது ஒன்றே முக்கால். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத் தெரியாது. இன்னும் பதினைந்து நிமிடம் பொறுத்து, அவள் மேலே வந்ததைப் பார்த்துவிட்டு எழுதலாமே என்று கேட்பாய். பார்த்துவிட்டு எழுதினால் நான் மறுபடி பெரிய ஆள் மாதிரி எழுதிவிடுவேன். அதனால் இப்போதே உறையில் போட்டு ஒட்டப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும். வெசி உன்னிடம் போனில் பேசும்போது எல்லாவற்றையும் கேலியாகத்தான் சொல்வாள். இருட்டைக் கேலி செய்வாள், தன் கால் நடுங்கியதைக் கேலி செய்வாள், என்னையும் சேர்த்துக் கேலி செய்வாள். நம் வீட்டுப் பெண்களுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. நீ சிரித்துவிடாதே அக்கா. அவள் சொல்லி முடிக்கும்வரை கேள்.

உன் தங்கை,
எஸ்னார்ட்